கல்லை நனைக்காதீர்கள்: ஹாலோ பிளாக் கொத்தனாருக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 பிறந்தால் கோட்டைப்பட்டினம் துறையில் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. படகுக்குக் கூலியாகப் போகிற இளைஞர் இத்தனை நாளும் வலை பின்னிக்கொண்டே இருக்க முடியாது. கட்டட வேலைக்கும் அதுதான் பருவம். மழை இல்லை, மணல் காய்ந்திருக்கிறது, சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் அனுப்பியவர்கள் மாடி எழுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகப் போனால் சாம்பல் நிற ஹாலோ பிளாக் அடுக்குகள் கண்ணில் படாமல் இருக்காது.

அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நிமிந்தாளாகக் கல் தூக்கிவிட்டு, தடை முடிந்ததும் படகுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டவருக்குக் கூலியும் கூடும். கடல் இல்லாத நாளுக்கு ஒரு கைத்தொழிலும் இருக்கும். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். மற்ற நாட்களையும் கணக்கில் சேர்த்தால் இந்தத் தொழிலின் அருமை தெரியும்.

புதிதாக வருகிறவருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. நம் பக்கத்து மேஸ்திரிகளில் பலர் செங்கல்லில் தொழில் படித்தவர்கள். ஹாலோ பிளாக்கைக் கையில் எடுத்தாலும் அதை ஒரு பெரிய செங்கல்லாகவே நினைத்துக் கட்டுகிறார்கள். ஹாலோ பிளாக் சுவரில் வருகிற வெடிப்புகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கத்தால் வருவதாகவே நான் நினைக்கிறேன். பழைய கைப்பழக்கம் இல்லாதவருக்கு மறக்க வேண்டிய பாடமும் இல்லை.

கல் வந்து இறங்கும்போது

செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டுக் கட்ட வேண்டும் என்பது முதல் பாடம். சுட்ட மண் தண்ணீரை இழுக்கும். ஊறவைக்காவிட்டால் கலவையில் உள்ள ஈரத்தைக் குடித்துவிடும். ஹாலோ பிளாக் சிமெண்டால் ஆனது. நனைந்தால் கொஞ்சம் விரியும், காய்ந்தால் சுருங்கும். நனைத்த கல்லைச் சுவரில் வைத்தால் அது சுவருக்குள்ளேயே காய்ந்து சுருங்கி வெடிப்பாக வெளியே வரும். கான்கிரீட் கல் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 2572 விதித்தொகுப்பும் இதையே சொல்கிறது: கட்டுவதற்கு முன்பும் கட்டும்போதும் கல்லை நனைக்கக் கூடாது. சுள்ளென்று வெயில் அடித்தால், கலவை படுகிற முகத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம்.

கல்லின் வயதும் இதே காரணத்துக்காகத்தான் முக்கியம். கல்லுக்கான தரவிதி ஐ.எஸ். 2185. அதன்படி வார்த்த கல்லைக் குறைந்தது 14 நாள் நீராற்ற வேண்டும். அதன் பிறகு நான்கு வாரம் காயவிட வேண்டும். காற்று உள்ளே புகுந்து போக, துளைகள் படுக்கைவாட்டில் இருக்கும்படி அடுக்க வேண்டும். நடைமுறையில் திங்கட்கிழமை வார்த்த கல் வெள்ளிக்கிழமை லாரியில் ஏறிவிடுகிறது. முடிந்தவரை ஒரு மாதம் முன்பே கல்லை வாங்கி, தரையில் பலகை போட்டு அடுக்கி, மேலே தார்ப்பாய் மூடி வைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இதைச் சொல்லும் கொத்தனாரை அவர் மறக்க மாட்டார்.

வந்த கல்லைச் சோதிக்க ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்த ஒரு கல்லை எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் முக்கி வைத்து, எடுத்து மேலே துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எடை 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. 20 கிலோ கல் 22 கிலோவுக்குள் நிற்க வேண்டும். 24 கிலோ காட்டினால் அந்தக் கல் பஞ்சு. ஆய்வகச் சோதனையே வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டால், 5,000 கல்லுக்கு 20 கல் மாதிரியாக எடுப்பது விதி. தாங்குதிறனுக்கு அதில் 8 கல்லை நசுக்கிப் பார்ப்பார்கள். பாரம் தாங்கும் சுவருக்கான ‘ஏ’ ரகக் கல்லுக்கு அடர்த்தி கன மீட்டருக்கு 1,500 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்தக் கணக்கில் 8 அங்குலக் கல் ஒன்று 21 கிலோவாவது இருக்கும். ஒரு கையால் அலட்சியமாகத் தூக்க முடிகிற 8 அங்குலக் கல்லைச் சந்தேகப்படுங்கள்.

கடல் பக்கத்தில் இருக்கிறது, மணல் அங்கே எடுக்கக் கூடாது

கோட்டைப்பட்டினத்தில் கட்டுகிறவருக்கு மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு கவலை உண்டு: உப்பு. கடல் மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும். அந்த உப்பு சுவரில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; வெளியே பூத்துப் பெயிண்டைத் தள்ளும்; துளைக்குள் கம்பி விட்டுக் கான்கிரீட் போட்டிருந்தால் அந்தக் கம்பியைத் தின்னும். புதுக்கோட்டை மாவட்டத்தின் உள்பக்கம் கல் குவாரிகளும் கிரஷர்களும் இருப்பதால் எம் சாண்ட் கிடைப்பது பெரிய பாடில்லை. ஆனால் கிரஷர் தூசியை எம் சாண்ட் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்கி வையுங்கள். அடியில் மணலும் மேலே கனமான தூள் படலமுமாகப் பிரிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். ஐ.எஸ். 456 விதிப்படி கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை இருக்கலாம். கம்பி இருந்தால் 500-தான் எல்லை. கடற்கரை போர்வெல்லில் இரண்டாவது எல்லை எளிதில் தாண்டிவிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம். இல்லாவிட்டால் டேங்கர் தண்ணீர்தான். வாயில் விட்டுப் பார்த்து “உப்பு இல்லை” என்று சொல்கிற மேஸ்திரியை நம்பிச் சுவர் எழுப்பாதீர்கள்.

கலவை: கெட்டியானது நல்லதல்ல

“சிமெண்ட் கூடப் போட்டால் சுவர் பலமாகும்” என்று வீட்டுக்காரரும் நினைக்கிறார், மேஸ்திரியும் நினைக்கிறார். ஹாலோ பிளாக்கில் இது தலைகீழ். சிமெண்ட் கூடினால் கலவை காயும்போது அதிகம் சுருங்கும். கலவை கல்லைவிடக் கடினமாகிவிட்டால், சுவர் அசையும்போது வெடிப்பு ஜாயிண்டில் நிற்காமல் கல்லைப் பிளந்துகொண்டு போகும். ஜாயிண்டில் விழும் மயிரிழை வெடிப்பைச் சுரண்டி அடைத்துவிடலாம். பிளந்த கல்லை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் கல் வார்த்த கலவையைவிடக் கட்டும் கலவை பலம் குறைந்ததாக இருக்க வேண்டும் என்கிறது விதி. ஒன்றுக்கு ஆறு போதும். 1:4 என்று வற்புறுத்துகிறவரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 கலவைக்கு இழைவும் நெகிழ்வும் கூடுதல். ஆனால் சுண்ணாம்பைத் தெரிந்து கையாளும் ஆட்கள் இன்று எத்தனை பேர்?

அளவைச் சட்டிக் கணக்கில் போடாதீர்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டை என்பது 35 லிட்டர். 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரத்தில் ஒரு மரப்பெட்டி அடித்தால் சரியாக 35 லிட்டர் பிடிக்கும். மூட்டைக்கு ஆறு பெட்டி மணல். ஈர மணல் உப்பி இருக்கும், பெட்டிக்குள் மணல் குறைவாக விழும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தண்ணீர் விட்டுக் கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கலவையைத் தீர்த்துவிட வேண்டும். ஐ.எஸ். 2250-இன் கணக்கு அது. கடல் காற்று வீசும் மதியத்தில் அதற்கும் முன்பே இறுகத் தொடங்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள். டீ குடித்துவிட்டு வந்து, இறுகிய கலவையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கிளறுவதை இந்தத் தொழிலில் எங்கும் பார்க்கலாம். எங்கும் பார்க்கிறோம் என்பதற்காக அது சரியாகிவிடாது.

கட்டும் முறை

முதலில் கலவையே இல்லாமல் ஒரு வரிக் கல்லை அடித்தளத்தின் மேல் பரப்பிப் பாருங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரல் இடம், அதாவது 10 மி.மீ. 39 செ.மீ. நீளக் கல்லும் 1 செ.மீ. ஜாயிண்டும் சேர்ந்தால் 40. உயரத்தில் 19-ம் 1-ம் சேர்ந்து 20. கதவு, ஜன்னல், மூலை எல்லாம் அரைக்கல்லிலோ முழுக்கல்லிலோ வந்து முடிகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கல் வெட்டுவது கூலியையும் நேரத்தையும் தின்னும் வேலை. அதைத் தவிர்க்கிற வழி வரைபடத்திலேயே இருக்கிறது: நீளமும் உயரமும் 8 அங்குலத்தின் மடங்காக இருக்கட்டும். 12 அடிச் சுவர் சரியாக 9 கல். 11 அடிச் சுவரில் ஒவ்வொரு வரியிலும் வெட்ட வேண்டும். அதை 11 அடி 4 அங்குலம் ஆக்கினால் எட்டரைக் கல்லில் முடிந்துவிடும். கதவுத் திறப்பை 7 அடியில் நிறுத்தினால் பத்தரை வரி. 6 அடி 8 அங்குலத்தில் பத்து வரி. இன்ஜினியரிடம் இதை முன்கூட்டிப் பேசுகிற கொத்தனாருக்கு அடுத்த வேலையும் அங்கிருந்தே வரும். ஆனால் 8 அங்குலம் என்று விற்பது சில யார்டுகளில் 20 செ.மீ. கணக்கு. 10 அடி என்று நினைத்து 15 வரி ஏற்றினால் இரண்டு அங்குலம் குறைந்து நிற்கும். கையில் வந்த கல்லை அளந்து பார்த்துவிட்டே வரியைக் கணக்கிடுங்கள்.

முதல் வரிக்கு மட்டும் கல்லின் அடி முழுவதும் உட்காரும்படி கலவையைக் கெட்டியாக விரிக்க வேண்டும். அதற்கு மேல் வரும் வரிகளில் செங்கல் பழக்கம் குறுக்கே வரும். கல்லின் மேல் முழுக்கக் கலவையைக் கொட்டித் துளைகளை அடைக்கக் கூடாது. நீளவாக்கில் ஓடும் முன், பின் விளிம்புகள் இரண்டிலும் மட்டும் கலவை. நடுவே துளை துளையாகவே நிற்க வேண்டும். கலவை மிச்சமாகும். மழைநீர் உள்ளே தாண்டி வர வழி கிடைக்காது. ‘நடுவில் காலியாக விட்டால் பலம் குறையாதா?’ என்று சித்தாள் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோரும் கேட்பார்கள். இந்தக் கல் பாரத்தை விளிம்புகளில்தான் சுமக்கிறது. தூண் போல நிற்க வேண்டிய இடங்களில் துளையைக் கான்கிரீட்டால் நிரப்புவது தனி வேலை.

கல்லின் விளிம்பு ஒரு பக்கம் சற்றுத் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். தடித்த பக்கம் மேலே. கலவை நிற்க இடம் கிடைக்கும்.

பக்கவாட்டு ஜாயிண்டுக்கு இரண்டு மூன்று கல்லைச் சேர்த்து நிறுத்தி, அவற்றின் பக்க விளிம்புகளில் ஒரே வீச்சில் கலவை பூசிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி, ஏற்கெனவே வைத்த கல்லை நோக்கிச் சாய்த்து இறக்கி, தள்ளிப் பொருத்துங்கள். கலவை ஈரமாக இருக்கும்போதே கரண்டிப் பிடியால் தட்டி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இறுகத் தொடங்கிய பிறகு கல்லை அசைத்தால் பிடிப்பு விட்டுப்போகும். மேலே ஓட்டை தெரியாது, மழையில் தெரியும். அசைக்கத்தான் வேண்டும் என்றால் கல்லை எடுத்து, பழைய கலவையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

மூலைகளை முதலில் நாலைந்து வரி ஏற்றிவிட்டு, இரண்டு மூலைக்கும் நடுவே நூல் கட்டி, நூலுக்குக் கல் வைப்பது முறை. மூலையில் ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்தாக வேண்டும். அங்கே கால் அங்குலம் சாய்ந்தால் கூரைக்குப் போகும்போது இரண்டு அங்குலமாக நிற்கும். வரி நடுவில் கடைசியாக வரும் அடைப்புக் கல்லுக்கு, கல்லின் பக்கங்களிலும் இடைவெளியின் பக்கங்களிலும் கலவை பூசிக்கொண்டு மேலிருந்து இறக்க வேண்டும். விளிம்பில் விரலால் அழுத்தினால் ரேகை மட்டும் பதியும் பதத்தில் ஜாயிண்டைக் குழிவாகத் தேய்த்து இறுக்குங்கள். அதிகப்படியாகப் பிதுங்கியதைக் கரண்டியால் வழித்துச் சட்டிக்குப் போடலாம்.

ஒரு நாளில் ஏழு வரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். வேலை முடியும்போது சுவரின் தலையைத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள். வடகிழக்குப் பருவத்தில் ஒரே இரவில் துளைகள் எல்லாம் தொட்டியாகிவிடும். நீராற்றுவதற்குக் குழாயைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். ஏழு நாள் ஜாயிண்டுகள் ஈரம் காயாமல் தெளித்தால் போதும்.

கதவு நிலையின் இரு பக்கத்துத் துளைகளிலும், சீலிங்குக்கு அடியில் வருகிற கடைசி வரியிலும், கனமான அலமாரி மாட்டப் போகிற இடங்களிலும் கான்கிரீட் நிரப்ப வேண்டும். கடைசி வரிக்கு சாலிட் கல்லும் வைக்கலாம். வயரிங் ஆட்களை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசுங்கள். இந்தக் கல்லின் விளிம்பு 25 முதல் 35 மி.மீ. கனம்தான். கட்டி முடித்த சுவரில் குறுக்காகக் கோடு வெட்டினால் பாதிக் கல் போய்விடும். பைப்பைத் துளை வழியே நிமிர்ந்தவாக்கில் ஏற்றிவிட்டால் உடைப்பே வேண்டாம்.

கம்பவுண்டு சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரைகடந்த கஜா புயல் நம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. கூரை பாரம் இல்லாமல் தனியே நிற்கும் சுவருக்குக் காற்றுதான் எமன். ஐ.எஸ். 1905 கணக்குப்படி அத்தகைய சுவரின் உயரம், காற்றழுத்தம் குறைந்த இடத்தில் கனத்தைப்போல 10 மடங்கு வரை போகலாம்; காற்று மிகுந்தால் 4 மடங்கு வரை இறங்குகிறது. 6 அங்குலக் கல்லில் 7 அடி சுவர் கேட்டால் அது 14 மடங்கு. தூண் இல்லாமல் அப்படிக் கட்டித் தர ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதுகும் கையும்

8 அங்குலக் கல் நூறு எடுத்து வைத்தால் இரண்டு டன் தூக்கியிருக்கிறீர்கள். கல்லை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவான உயரத்தில் அடுக்கித் தரச் சொல்லுங்கள். தரையிலிருந்து குனிந்து எடுக்க வேண்டாம். ஈர சிமெண்ட் தோலை அரிக்கும், ரப்பர் கையுறை வேண்டும். கிரைண்டரால் கல் வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போனால் திரும்பாது. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், மூக்கில் துண்டு கட்டுவது போதாது, முகக்கவசம் வேண்டும்.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் இருபது வருடம் கழித்தும் சித்தாளாகவே இருப்பதற்குக் கல்லின் எடை காரணமில்லை. உள்தடுப்புக்குப் போடும் 4 அங்குலக் கல் 10 கிலோதான். அதைத் தலையில் வைத்து மாடிக்கு ஏற்றுகிறவருக்கு நூலுக்கு வைத்துக் கட்டவும் முடியும். கரண்டியைக் கையில் கொடுக்கும் மேஸ்திரிதான் கிடைப்பதில்லை.

கூலி, காகிதம், கடல் தாண்டி

கற்றுக்கொள்கிற வரிசை இதுதான்: கலவை, பிறகு நூலுக்கு நடுக்கல், கடைசியில் மூலை. மூலை ஏற்றத் தெரிந்தவர்தான் சம்பளம் பேசலாம். சதுர அடி ரேட்டுக்கு எடுத்தால் மூன்று கேள்வியை முதலிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள்: கதவு ஜன்னல் திறப்பைக் கழிக்கிறீர்களா? சாரம் யாருடையது? தண்ணீர் தெளிப்பது யார்? பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கல் கணக்கும் கையிலேயே போடத் தெரிய வேண்டும். 10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் 440 சதுர அடி. ஒரு கதவு 21, ஒரு ஜன்னல் 16 கழித்தால் 403. நூறு சதுர அடிக்கு 113 கல் என்று வைத்தால் சுமார் 455. உடைசலுக்கு ஐந்து சதவீதம் சேர்த்து 480 கல் வாங்கச் சொல்லலாம்.

18 வயது நிறைந்ததும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். சித்தாளும் நிமிந்தாளும் பதியலாம். விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அந்த அட்டைதான் வாசல். வேலை பார்த்தே கற்றுக்கொண்டவர்களுக்கு, இருக்கிற திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. உள்ளூரில் யாரும் அந்தச் சான்றிதழைக் கேட்க மாட்டார்கள். வெளியே கேட்பார்கள்.

வளைகுடாவில் ‘பிளாக் மேசன்’ என்பது தனி வேலைப் பெயர். பூச்சு வேலைக்கும் டைல்ஸுக்கும் வேறு ஆள் எடுப்பார்கள். தேர்வு என்று கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரு மூலையைக் குறித்த நேரத்தில் கட்டச் சொல்லி, தூக்கும் மட்டமும் ஜாயிண்டின் கனமும் பார்ப்பார்கள். நனைக்காத கல்லும் 10 மி.மீ. ஜாயிண்டும் கைக்கு வந்திருந்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில், வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை. இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஏஜெண்டுக்குச் சட்டப்படி கொடுக்கக் கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், ரசீது கட்டாயம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் ஆள் அனுப்புகிறது, அங்கும் பெயர் கொடுத்து வைக்கலாம். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். பாலிசி நகல் ஒன்றையும் வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றையும் வீட்டில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.